லூசி வில்ஸ்

லூசி வில்ஸ் (மே 10, 1888 – ஏப்ரல் 16, 1964) இங்கிலாந்தைச் சேர்ந்த குருதியியல் மருத்துவர் ஆவார். 1928 முதல் 1933 வரை பம்பாய், குன்னூர், சென்னை ஆகிய இடங்களில் தங்கி, கருவுற்ற பெண்களைத் தாக்கிய கடுமையான குருதிச்சோகையை ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் சாற்றைக் கொடுத்தால் அந்நோய் குணமாகும் என்று நிறுவினார். அச்சாற்றில் இருந்த பெயர் தெரியாத பொருள் வில்ஸ் காரணி என்று அழைக்கப்பட்டது. அதுவே பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என எந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கருவுற்ற பெண்ணுக்கு இன்று கொடுக்கப்படும் சிவப்பு மாத்திரையில் இரும்புச் சத்துடன் சேர்ந்திருப்பது இந்த ஃபோலிக் அமிலமே.

இளமை

லூசி, பர்மிங்காம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் லெனார்ட் வில்ஸ் மான்செஸ்டரில் அறிவியல் பயின்றவர். தாவரவியல், விலங்கியல், நிலவியல், ஒளிப்படக்கலை ஆகியவற்றில் ஈடுபாடு உடையவர். தாய் கெர்ட்ரூட், பர்மிங்காமில் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவரின் ஒரே மகள். சகோதரர் லெனார்ட் ஜான்ஸ்டன் வில்ஸ் பின்னாளில் நிலவியலாளர் ஆனார். பெண் குழந்தைக்கும் அறிவியலைக் கற்பிக்க வேண்டும் என்று எண்ணும் குடும்பம் அக்காலத்தில் அரிது.

1903 ஆம் ஆண்டு செல்ட்டனம் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரி என்று பெயர் பெற்றிருந்தாலும் அது ஓர் உறைவிடப் பள்ளியாகும். மாணவியருக்கு அறிவியலும் கணிதமும் கற்பித்த முதல் பிரித்தானிய உறைவிடப் பள்ளிகளுள் அதுவும் ஒன்று. 1907 இல் கேம்பிரிட்ஜில் உள்ள நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் நிலவியலும் பயின்றார். 1911 இல் தேர்வில் இரண்டாம் வகுப்பில் தேறினார். ஆயினும் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் தேர்வு எழுதலாம், பட்டம் பெற முடியாது என்பதே அங்கு அன்றைய விதி. 1948 ஆம் ஆண்டில்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது.

அதே 1911 இல் தந்தை 52 ஆம் வயதில் காலமானார். 1913 இல் அக்காள் எடித் 26 ஆம் வயதில் இறந்தார். அவ்வாண்டில் தாயும் மகளும் இலங்கைக்குப் பயணம் செய்து உறவினரைக் கண்டு வந்தனர். மறு ஆண்டு லூசி தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். அங்கிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. கேப்டவுனில் ஒரு மருத்துவமனையில் சில வாரங்கள் தாதியாகப் பணிபுரிந்துவிட்டு இங்கிலாந்து திரும்பினார்.

மருத்துவக் கல்வி

1915 சனவரியில் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். பிரித்தானியாவில் பெண்களுக்கென்றே அமைந்த முதல் மருத்துவப் பள்ளி இது. இராயல் ஃபிரீ மருத்துவமனையுடன் இணைந்தது. இந்தியாவிலிருந்து வந்த மாணவியர் பலர் இங்குப் பயின்றனர். அவர்களுள் ஒருவரான ஜெருசா ஜிராட், பின்னாளில் பம்பாய் காமா மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார்.

1920 இல், தம் 32 ஆம் வயதில், வில்ஸ் மருத்துவராகத் தகுதி பெற்றார். ஆனால் நோயாளரைப் பார்க்கும் தொழிலை அவர் மேற்கொள்ளவில்லை. இராயல் ஃபிரீ மருத்துவமனையில் கருவுற்ற பெண்களின் உடல் வேதியியல் மாற்றங்களை ஆராயும் பிரிவில் ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் சேர்ந்தார்.

இந்தியாவுக்கு அழைப்பு

1920களில் இந்தியாவில் மகப்பேற்று இறப்புகள் மிகுதியாக இருந்தன. பம்பாயின் துணியாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே ஒரு விதமான சோகை காணப்பட்டது. கருவுற்ற பின் மாதங்களில் உடல் வெளுத்து, மூச்சு வாங்கி, கால் வீங்கி, பேற்றின் போதோ அதை அடுத்தோ பலர் இறந்தனர். குருதியைச் சோதித்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் இருந்தன. இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப் போகும். எனவே இது வேறு நோய் என்பது தெளிவாகத் தெரிந்தது. எந்த நோய் என்பது தெரியவில்லை.

இந்தியாவில் பெண்கள் மருத்துவப் பணியில் நெடுங்காலம் இருந்த மார்கரெட் பால்ஃபர் என்னும் மருத்துவர், இந்திய ஆய்வு நிதிக் கழகத்தின் தாய்மார் இறப்பு விசாரணையில் சேருமாறு வில்சை அழைத்தார். இந்தக் கழகமே இன்றைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முன்னோடி. 1928 இல் வில்ஸ் பம்பாயிலுள்ள ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 40.

நோயின் காரணத்தைத் தேடல்

பெருத்த சிவப்பணுக்களோடு கூடிய சோகை என்றதும் அக்கால மருத்துவர்களுக்கு நினைவுக்கு வந்தது பெர்னீசியஸ் சோகை. பெயருக்கேற்ப அது ஆளைக் கொல்லும் நோயாகவே இருந்தது. 1926 இல் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி ஆகிய அமெரிக்கர்கள், நோயாளிகளை நாள்தோறும் கல்லீரலை உண்ணச் செய்து இந்நோயைக் கட்டுப்படுத்தினர். இதற்காக அவர்களுக்கு 1934 இல் நோபல் பரிசு கிடைத்தது. பம்பாய்ப் பெண்களின் நோயும் கருப்பக்காலப் பெர்னீசியஸ் சோகை என்றே பெயர் பெற்றிருந்தது.

பெயர் ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்று என்று வில்ஸ் கொள்ளவில்லை. முதலில் தொற்றுநோயாக இருக்கக்கூடுமா என்று ஆராய்ந்தார். குடலில் நோய்க்கிருமிகளைத் தேடினார். அவ்வாறு எதுவும் அகப்படவில்லை. அடுத்து, எஸ். என். தல்பாடே என்பவருடன் சேர்ந்து பம்பாய்ப் பெண்களின் உணவையும் வாழிடச் சூழலையும் கணக்கெடுத்தார். நோயுற்றோரின் உணவில் காய்கறி, பழம், புரதம் ஆகியவை மிகக் குறைவாக இருந்தன. இந்த இடத்தில் ஆய்வு ஆய்வகத்தை விட்டு அடுக்களைக்குச் சென்றது என்று கூறலாம். அவருடைய பணியில் மிகவும் பயன் தந்த திருப்பம் இதுவே.

குன்னூரில் எலிகளும் குரங்குகளும்

1929 கோடையில் வில்ஸ் தம் ஆய்வை நீலகிரியிலுள்ள குன்னூருக்கு மாற்றினார். அங்குப் பாஸ்டர் நிறுவன வளாகத்தில் இராபர்ட் மெக்கரிசன் ஊட்டச்சத்து ஆய்வுகளை நடத்தி வந்தார். இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து, எந்த உணவில் எலிகள் நன்கு வளர்கின்றன என்று ஒப்பிட்டவர் அவர். சீக்கியரின் கோதுமை, பால், காய்கறி உணவை உண்ட எலிகள் கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்தன. அந்த ஆய்வகம் பின்னர் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

வில்ஸ், பம்பாய்ப் பெண்கள் உண்ட உணவைப் போன்ற ஒன்றை எலிகளுக்குக் கொடுத்தார். கருவுற்ற எலிகளுக்குச் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தால் அது வரவில்லை. ஆனால் எலிகளின் சோகைக்குப் பேன்களால் பரவும் பார்ட்டொனெல்லா என்னும் நுண்ணுயிரும் காரணம் என்று பின்னர் தெரிய வந்தது. இதனால் எலிச் சோதனைகளை மட்டும் கொண்டு முடிவுக்கு வர இயலாமல் போயிற்று. அவர் குரங்குகளுக்கு மாறினார். அதே வகை உணவால் குரங்குகளுக்கும் சோகை வந்தது. அவற்றின் சிவப்பணுக்களும் பெருத்தன. அதாவது மனித நோயை அப்படியே ஒத்த ஒரு நோய் ஆய்வகத்தில் உருவாகிவிட்டது.

அக்குரங்குகளைக் குணப்படுத்தியது மார்மைட். மதுநொதிப்பில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் கரிய, உப்புச் சுவையுள்ள பசை இது. இங்கிலாந்தில் 1902 முதல் விற்பனைக்கு வந்தது. ரொட்டியில் தடவித் தின்பார்கள். விலை குறைவு. கல்லீரலைப் போலன்றி, புலால் உண்ணாதோரும் உண்ணத்தக்கது. இந்தியாவில் இது சிறிய செய்தி அன்று.

பெண்களிடம் சோதனை

குரங்குகளிடம் கண்டதைப் பெண்களிடம் உறுதி செய்ய வேண்டியிருந்தது. பம்பாயில் தொடங்கிய பணி 1931 இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் நடைபெற்றது. அங்கு அவர் பணிபுரிந்தது விக்டோரியா சாதி கோஷா மருத்துவமனை. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய, திரைக்குள் வாழ்ந்த பெண்களுக்காக மேரி ஷார்லீப் என்னும் பெண் மருத்துவரின் முயற்சியால் 1885 இல் தொடங்கப்பட்டது. பின்னர் அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் மாறினாலும், சென்னை மக்களுக்கு அது இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

ஈஸ்ட் சாறு கொடுக்கப்பட்ட பெண்களின் குருதியில் சில நாட்களிலேயே இளம் சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கின. எலும்பு மச்சை மீண்டும் உழைக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. அதைத் தொடர்ந்து பசி திரும்பியது, வீக்கம் வடிந்தது, குருதி அளவு உயர்ந்தது. 1931 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வில்ஸ் இம்முடிவுகளை வெளியிட்டார். கருப்பக்காலச் சோகை, வெப்பமண்டலச் சோகை ஆகியவற்றுக்கு ஈஸ்ட் சாறு மருந்தாகும் என்பது அக்கட்டுரையின் சாரம்.

இதைவிட நுட்பமான கண்டுபிடிப்பு ஒன்று அடுத்த ஆண்டுகளில் வந்தது. தூய்மைப்படுத்தப்படாத கல்லீரல் சாறு இப்பெண்களையும் குணப்படுத்தியது. ஆனால் பெர்னீசியஸ் சோகையைச் சிறப்பாகக் குணப்படுத்திய தூய்மைப்படுத்திய சாறு இவர்களுக்குப் பயன் தரவில்லை. அப்படியாயின் தூய்மைப்படுத்தும்போது ஏதோ ஒன்று நீக்கப்படுகிறது; கல்லீரலில் ஒன்றல்ல, இரண்டு மருந்துப் பொருள்கள் உள்ளன. இந்தத் தருக்கத்தை வில்சும் உடன் ஆய்வாளர்களும் 1937 இல் வெளியிட்டனர். ஒன்று பின்னாளில் வைட்டமின் பி12 என்றும் மற்றது ஃபோலிக் அமிலம் என்றும் அறியப்பட்டன. அன்று இரண்டுக்கும் பெயர் இல்லை.

வில்ஸ் காரணியிலிருந்து ஃபோலிக் அமிலம்

1930களில் பல ஆய்வகங்கள் ஒரே பொருளை வெவ்வேறு பெயர்களில் தேடிக் கொண்டிருந்தன. அமெரிக்காவில் பால் டே என்பவர், ரீசஸ் குரங்குகளின் சோகையைப் போக்கிய பொருளுக்கு வைட்டமின் எம் என்று பெயரிட்டார். 1941 இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து அதைச் செறிவாக்கினர். இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்ற பெயரையும் இட்டனர்.

1945 இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக உருவாக்கப்பட்டது. அக்குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகத சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். உடன்பிறந்தவரை ஸ்புரூ என்னும் வெப்பமண்டலக் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்நோய்க்கும் ஃபோலிக் அமிலமே மருந்தாக அமைந்தது. சென்னையில் சோதித்தவர் ஓர் ஆங்கிலேயர். அமெரிக்காவில் உருவாக்கியவர் சென்னையில் படித்தவர். இவ்விருவரையும் சேர்த்து நினைவுகூர்வோர் மிகக் குறைவு.

உடலில் ஃபோலேட் செய்யும் பணியை அறிந்தால், வில்ஸ் கண்ட நோயின் தன்மை விளங்கும். உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி. என். ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்குரிய மூலப்பொருளை ஆக்க ஃபோலேட் தேவை. ஃபோலேட் இல்லையெனில் எலும்பு மச்சையிலுள்ள அணுக்கள் பருத்துக்கொண்டே போகும், பிரிய மாட்டா. எனவே எண்ணிக்கை குறைந்து அளவு பெருக்கும். கருவுற்ற காலத்தில் கருவும் நஞ்சுக்கொடியும் வேகமாக வளர்வதால் தேவை மிகுகிறது. உடலின் ஃபோலேட் இருப்போ சில மாதங்களுக்கே போதுமானது. வறிய உணவுடன் கருவுறும் பெண்ணுக்குப் பின் மாதங்களில் இருப்புத் தீர்ந்துவிடுகிறது.

முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி போன்ற கீரைகளிலும் தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றிலும் ஃபோலேட் உண்டு. ஆனால் அது நீரில் கரையும். நெடுநேரம் வேகவைத்தால் அழியும். கீரையை வேகவைத்து நீரை இறுத்துக் கொட்டும் பழக்கம் இருக்கும் வீட்டில் கீரை உண்டும் பயன் குறைவு.

பிறபொருளெதிரிகளும் தாயும்

வில்ஸ் பிரித்துக் காட்டிய இரண்டு சோகைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு பல்லாண்டுகளுக்குப் பின்னரே விளங்கியது. பெர்னீசியஸ் சோகை உணவுக் குறைவால் வருவதன்று. நோய்க்கிருமிகளைத் தாக்க வேண்டிய பிறபொருளெதிரிகள் (எதிர்ப்பொருள்கள்) தன் உடலின் இரைப்பை அணுக்களையும், அவை சுரக்கும் அகக்காரணி என்னும் புரதத்தையும் தாக்குகின்றன. அகக்காரணி இல்லாமல் வைட்டமின் பி12 குடலில் உறிஞ்சப்படாது. உண்டாலும் உடலில் சேராது. பம்பாய்ப் பெண்களின் நோயோ உண்ணாததால் வந்தது. ஒரே தோற்றமுடைய இரு நோய்களுள் ஒன்று நோயெதிர்ப்பின் பிழை, மற்றது வறுமை.

தாயின் பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடி வழியாகச் சேய்க்குச் செல்லக்கூடியவை. பெரும்பாலும் அது நன்மையே. தாய்க்குத் தடுப்பூசி போட்டால் பச்சிளங் குழந்தை இசிவு நோயிலிருந்து காக்கப்படுவது இதனால்தான். சில வேளைகளில் தீமையாகிறது. ஆர்எச் எதிர்வகைக் குருதியுள்ள தாயின் உடலில், சேயின் ஆர்எச் நேர்வகைச் சிவப்பணுக்களுக்கு எதிராகத் தோன்றும் பிறபொருளெதிரிகள் அடுத்த கருவின் குருதியை அழிக்கின்றன. ஆர்எச் என்ற பெயரும் ரீசஸ் குரங்கிலிருந்து வந்ததே என்பது தற்செயலான ஒற்றுமை.

ஃபோலேட்டும் பிறபொருளெதிரிகளும் சந்திக்கும் இடம் ஒன்று 2004 இல் தெரிய வந்தது. நரம்புக்குழாய்க் குறைபாடுள்ள கருவைச் சுமந்த 12 தாய்மார்களை நியூயார்க் ஆய்வாளர்கள் சோதித்தபோது, 9 பேரின் குருதியில் ஃபோலேட் ஏற்பிகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பொருள்கள் இருந்தன. குறைபாடு இல்லாத கருவைச் சுமந்த 20 பேரில் இருவரிடம் மட்டுமே இருந்தன. தாயின் உணவில் ஃபோலேட் இருந்தும் அது கருவைச் சென்றடையாமல் தடுக்கப்படக்கூடும் என்ற கருத்து இதிலிருந்து எழுந்தது. ஆனால் 2009 இல் அயர்லாந்துத் தாய்மார்களிடம் நடத்திய பெரிய ஆய்வு இத்தொடர்பை உறுதிப்படுத்தவில்லை. வினா தீராமலேயே உள்ளது.

நரம்புக்குழாய்க் குறைபாடு

மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்தோ, மூளை வளராமலோ குழந்தை பிறக்கும். முன்னர் இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், மீண்டும் அவ்வாறு நேர்வது 72 விழுக்காடு குறையும் என்று 1991 இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு நிறுவியது. 1998 முதல் அமெரிக்காவில் தானிய மாவில் ஃபோலிக் அமிலம் கட்டாயமாகச் சேர்க்கப்படுகிறது.

இந்தியாவில் கருவுற்றோருக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை வழங்கும் தேசியத் திட்டம் 1970 இல் தொடங்கியது. இப்போதைய மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. கருப்பக்காலத்தில் 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும். இது சோகையைத் தடுக்கும். ஆனால் மாதவிலக்குத் தள்ளிப்போன பின் சுகாதார நிலையத்தில் பதிவு செய்து மாத்திரையைப் பெறுவதற்குள் நரம்புக்குழாய் மூடும் காலம் கடந்துவிடுகிறது. கருத்தரிக்கும் முன்பே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவது இதனால்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினர் சோகை உள்ளவர்கள்.

பிற்காலம்

வில்ஸ் 1933 இல் இராயல் ஃபிரீ மருத்துவமனைக்குத் திரும்பினார். 1937 நவம்பரில் மீண்டும் பத்து வாரங்கள் பம்பாயில் பணியாற்ற வந்தார். இம்முறை கராச்சி வரை கடல் விமானத்தில் ஐந்து நாட்கள் பயணம் செய்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது அவசரகால மருத்துவப் பணியில் நோயியல் வல்லுநராக இருந்தார். 1944 சூலையில் செருமானியப் பறக்கும் குண்டு ஒன்று இராயல் ஃபிரீ மருத்துவமனையைத் தாக்கிச் சிலர் உயிரிழந்தனர். நோயியல் பிரிவின் பணி சில நாட்கள் தடைப்பட்டது. போர் முடியும்போது வில்ஸ் அப்பிரிவின் தலைவராக இருந்தார். அம்மருத்துவமனையின் முதல் குருதியியல் பிரிவையும் ஏற்படுத்தியிருந்தார்.

1947 இல் ஓய்வு பெற்றபின் ஜமைக்கா, பிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்று ஊட்டச்சத்தையும் சோகையையும் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. மலையேற்றத்திலும் பனிச்சறுக்கிலும் ஈடுபாடு உடையவர். பணிக்கு மிதிவண்டியில் செல்வது அவர் வழக்கம். வாழ்வின் இறுதி ஆண்டுகளில் இலண்டன் செல்சி பகுதியில் தொழிற்கட்சி உறுப்பினராக நகர மன்றத்தில் பணியாற்றினார். பதவியில் இருந்தபோதே 1964 ஏப்ரல் 16 அன்று காலமானார். 2019 மே 10 அன்று, அவருடைய 131 ஆவது பிறந்தநாளில், கூகுள் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்தில் அவர் படத்தை வரைந்து வெளியிட்டது.